முதல் லைவ் ஸ்டாண்ட்அப்: எங்கே உட்காரணும், எவ்வளவு சினிமா செய்தி தெரிஞ்சிருக்கணும்?

மூணாவதுமணி (கேள்வி)

அடுத்த வாரம் ஒரு லைவ் ஸ்டாண்ட்அப் ஷோ. இதுவரைக்கும் போன்லயும் டிவிலயும் பார்த்ததோட சரி. சுமார் 200 பேர் கொள்ளற ஹால், சீட் நம்பர் கிடையாது, முதல்ல வர்றவங்க பிடிக்கற இடம்தான். மூணு சந்தேகம்.

எந்த வரிசையில உட்கார்ந்தா நல்லது? மேடையிலிருந்து நம்மகிட்ட ஏதாவது கேட்டா என்ன பண்ணணும்? பேசப்போறவர் சினிமா, ஓடிடி செய்திகளை வச்சு நிறைய பேசறவர், ஆனா நான் அந்தச் செய்தியெல்லாம் பின்தொடர்றதில்லை. ஜோக்கை முன்னாடியே தெரிஞ்சுக்காம, விஷயத்தை மட்டும் தெரிஞ்சுக்க வழி இருக்கா?

கடைசிபெஞ்ச்

200 பேர் ஹால்னா மூணுலேர்ந்து அஞ்சாவது வரிசை, நடுவுல. காரணம் லைட். மேடை லைட் நேரா பேசறவர் கண்ணுல அடிக்கும். அவருக்குத் தெளிவா தெரியறது, அந்த வெளிச்சம் வழிஞ்சு விழற முதல் ரெண்டு வரிசை முகங்கள்தான். அதுக்கு அப்பால் இருட்டும், இருட்டுலேர்ந்து வர்ற சத்தமும் மட்டும்தான். பேச்சுக்கு இழுக்க ஆள் தேடினா அந்த ரெண்டு வரிசையிலதான் தேடுவார். நடைபாதை ஓரத்து சீட்டும் கிட்டத்தட்ட அதே ஆபத்து. ஷோ தொடங்கின பிறகு குனிஞ்சுக்கிட்டே உள்ளே வர்றவங்களைப் பத்திச் சொல்லவே வேண்டாம், அவங்க தானா வந்து மாட்டறவங்க.

அதுக்காக பயந்து கடைசி வரிசைக்குப் போயிடாதீங்க. (என் பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.) சிரிப்பு பக்கத்து ஆள்கிட்டேர்ந்து ஒட்டிக்கற விஷயம். ரெண்டு பக்கமும் சீட் காலியா இருந்தா, நல்ல ஜோக்குக்கும் மூக்கால ஒரு மூச்சு விட்டு நிறுத்திடுவோம். ஹால் பாதிதான் நிரம்பியிருக்குன்னா ஊழியர்கள் முன்னாடி வந்து உட்காரச் சொல்வாங்க. அது அழகுக்காக இல்லை, அப்படி நெருக்கி உட்கார வச்சாதான் ஷோ தேறும்.

முதல் வரிசைக்கு இன்னொரு குறையும் உண்டு. பெரிய ஸ்பீக்கர்கள் ரெண்டு ஓரத்துலயும் உயரத்துல இருக்கும், அதோட நேர்ச்சத்தம் முதல் வரிசை நடுவுல சரியா விழாது. மேடை விளிம்புல சின்ன ஸ்பீக்கர் வச்சிருந்தா தப்பிச்சீங்க. இல்லேன்னா எதிரொலிதான் அதிகமா கேட்கும். பாட்டுக்கு அது பரவாயில்லை. ஜோக்குல ஒரு மெய்யெழுத்து போனா ஜோக்கே போச்சு.

பெரிய அரங்கத்துக்குப் போறவங்களுக்கு: பால்கனிக்கு அடியில இருக்கற சீட்டைத் தவிருங்க, சத்தம் மூடிக்கிட்டு வரும். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர். மேடையிலிருந்து 34 மீட்டர் தள்ளி உட்கார்ந்தா நேரா வர்ற குரல் பத்துல ஒரு பங்கு நொடி தாமதம். அவ்வளவு தூரத்துல பக்கத்துத் திரையைத்தான் பார்ப்பீங்க. திரையில உதடும் காதுல குரலும் ஒட்டாம இருந்தா ஒன்றரை மணி நேரமும் உறுத்தும்.

மைக்டெஸ்ட்

ரெண்டாவது கேள்விக்கு வர்றேன். உங்ககிட்ட ஏதாவது கேட்டா உண்மையை, சுருக்கமா, மைக் இல்லாமலே கேட்கற மாதிரி சொல்லுங்க. "என்ன வேலை?"ன்னு கேட்டா "அக்கவுன்ட்ஸ்." அவ்வளவுதான். எல்லாரும் பண்ற தப்பு, தானும் சிரிக்க வைக்கப் பார்க்கறது. அவருக்கு வேண்டியது உங்க ஜோக் இல்லை, ஒரு தகவல். வேலை, ஊர், கூட வந்தவர் யாருங்கறதுக்கெல்லாம் அவர்கிட்ட ஏற்கனவே நாலஞ்சு தடம் தயாரா இருக்கும். நீங்க "நான் விண்வெளி வீரன்"னு சொன்னா எல்லாத் தடமும் அடைஞ்சுடும், ஹாலே சங்கடமா பார்க்கும். பேச இஷ்டமில்லேன்னா சிரிச்சுக்கிட்டே தலையை ஆட்டி மறுத்துடுங்க. அனுபவசாலி அடுத்த ஆளுக்குப் போயிடுவார்.

கேட்காதப்போ பேசக் கூடாது. பாராட்டுக்கும் அதே சட்டம். "சூப்பர் தலைவா!"ன்னு கத்தறவர் தான் உதவி பண்றதா நினைச்சுப்பார், ஆனா அது விழற இடத்தைப் பாருங்க. தமிழ்ல பேசறவங்களுக்கு ஒரு தலைவலி இருக்கு: நம்ம வாக்கியத்துல வினை கடைசியில வரும், ஆனா சிரிப்பு வர வைக்கற சொல்தான் கடைசியா விழணும். நானே கட்டின சாதா ஜோக் ஒண்ணு, எடுத்துக்காட்டுக்கு மட்டும்:

"என் போன்ல ஒரு ஆப். ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போன் பார்க்கறேன்னு கணக்கு காட்டும். அந்தக் கணக்கைப் பார்க்கவே தினம் ரெண்டு மணி நேரம் போகுது."

இதுல விஷயம் நடுவுலயே உடைஞ்சு, "போகுது"ன்னு சப்புன்னு முடியுது. மேடையில இதையே திருப்பிப் போடுவாங்க: "தினம் ரெண்டு மணி நேரம் போகுது..." ஒரு நிறுத்தம். "...அந்தக் கணக்கைப் பார்க்கவே."

அந்த நிறுத்தம் அரை நொடி இருக்கும். வாக்கியம் முடிஞ்சுடுச்சுன்னு நம்பி, கத்தறவர் சரியா அங்கதான் கத்துவார். கடைசி மூணு சொல் யாருக்கும் கேட்காது. திரும்பச் சொன்னா செத்த ஜோக்.

அந்த ஜோக்கை இன்னும் கொஞ்சம் நீட்டறேன். உடனே மேடையில பேசறவர் ஒரு வால் சேர்ப்பார்: "போன வாரம் அந்த ஆப்பே மெசேஜ் போடுது, 'கொஞ்சம் வெளியே போயிட்டு வாங்க'ன்னு." சின்ன சிரிப்பு. அப்புறம் அதை விட்டுட்டு வேற எங்கேயோ போயிடுவார். 20 நிமிஷம் கழிச்சு ஆஸ்பத்திரிக் கதை. ரிப்போர்ட்டை டாக்டர் பார்க்கறார், நிமிர்ந்து இவரைப் பார்க்கறார், கூட வந்த மனைவியைப் பார்க்கறார், இவர்கிட்ட சொல்றார்: "கொஞ்சம் வெளியே போயிட்டு வாங்க." ஹால் அதிரும். இதுதான் கால்பேக். முதல் தடவை அந்த வரி வந்தப்போ நீங்க பாத்ரூம் போயிருந்தா, ஊரே சிரிக்கும்போது நீங்க மட்டும் முழிப்பீங்க. அதனால எழுந்து போகணும்னா ஒருத்தர் முடிச்சு அடுத்தவர் வர்ற இடைவெளியில போங்க.

போன்: அணைச்சு பையில வைங்க, சைலன்ட்ல போட்டா போதாது. மடியில திரை எரிஞ்சா முகம் நீலமா தெரியும், அந்த இருட்டுல மேடையிலிருந்து பளிச்சுன்னு பார்க்கலாம். சில ஷோக்கள்ல வாசல்லயே போனைப் பூட்டுப் பைல போட்டு உங்க கையிலயே கொடுத்துடுவாங்க. 2014-ல தொடங்கின யாண்டர் கம்பெனியோட பைதான் அதுல பிரபலம். பை உங்ககிட்டயே இருக்கும், திறக்கறது மட்டும் வெளியில வச்சிருக்கற கருவியில. ஸ்மார்ட் வாட்சும் உள்ளே போகும். டிக்கெட் க்யூஆர் போன்லதான் இருக்குன்னா பூட்டறதுக்கு முன்னாடி காட்டிடுங்க. மருத்துவக் கருவியோட இணைச்ச போன்னா ஷோ அன்னிக்கு வாசல்ல வாதாடாம, முன்கூட்டியே அமைப்பாளருக்கு எழுதிடுங்க. பை இருக்கற ஷோவுக்கு 30 நிமிஷம் முன்னாடி போயிடணும்.

தலைப்புச்செய்தி

மூணாவது கேள்வி என் பேட்டை.

செய்தியை வச்சுச் சொல்ற ஜோக்குல செட்அப்பை, அதாவது சிரிப்பு வரிக்கு (பஞ்ச்) முன்னாடி போடற விளக்கத்தை, அவர் சொல்ல மாட்டார், செய்தியே அந்த வேலையைச் செஞ்சிருக்கும். "அந்தப் படம் ஓடிடிக்கு வந்த கதை தெரியுமில்ல?"ன்னு ஒரு வரி, நேரா பஞ்ச். அதனால உங்களுக்கு வேண்டியது யார், என்ன செஞ்சாங்க, எப்படி முடிஞ்சுது, இந்த மூணு மட்டும். ஷோவுக்கு ரெண்டு நாள் முன்னாடி உட்கார்ந்து, கடைசி ரெண்டு வாரத் தலைப்புகளையும் ஒவ்வொண்ணுலயும் முதல் பத்தியையும் படிங்க. செய்தி எழுதறவங்க முக்கியமானதை முதல் பத்தியிலயே வச்சுடுவாங்க. கால் மணி நேரம் போதும்.

படிக்கக் கூடாதது, அதே ஷோவோட விமர்சனம். விமர்சகர் என்னதான் கவனமா எழுதினாலும் நல்ல ஜோக் ரெண்டை மேற்கோள் காட்டாம இருக்க முடியாது. அவர் எடுக்கறதும் உச்சத்துல இருக்கற ரெண்டைத்தான்.

தினசரிக்கு, சமூக வலைத்தள ஓடையை மட்டும் நம்பாதீங்க. அது தேதி வரிசையில வராது, மூணு வருஷத்துக்கு முந்தின செய்தி நேத்து நடந்த மாதிரி வந்து நிற்கும். ஆர்எஸ்எஸ் ரீடர்ல (பல தளங்களோட புதுச் செய்திகளை ஒரே இடத்துல காட்டற ஆப்) நாலஞ்சு தளங்களைச் சேர்த்துக்குங்க. ஆங்கிலத்துல தொழில் செய்திக்கு வெரைட்டி (1905-லேர்ந்து வருது), தி ஹாலிவுட் ரிப்போர்ட்டர் (1930), டெட்லைன் (2006). பிரிட்டிஷ் நகைச்சுவைக்கு மட்டும்னு சார்ட்டில். அதோட உங்களுக்குப் பிடிச்ச கலைஞரோட மெயில் லிஸ்ட். டிக்கெட் முன்விற்பனைக் குறியீடு பெரும்பாலும் அதுலதான் முதல்ல வரும். டிக்கெட் தீர்ந்துபோன ஷோவா இருந்தாலும் கடைசி ரெண்டு நாள்ல ஒரு தடவை பாருங்க. கேமரா, ஒலிக்கருவி, விருந்தினர்களுக்குன்னு ஒதுக்கி வச்ச சீட்டுகளை அப்பதான் விடுவாங்க.

படிக்கும்போது ஒரு பழக்கம் வேணும். பத்து தளத்துல ஒரே செய்தி வந்தா, பத்தும் யாரைக் கைகாட்டுதுன்னு பாருங்க. எல்லாம் ஒரே இடத்தைக் கைகாட்டினா அது ஒரு செய்திதான். "பேச்சுவார்த்தையில் இருக்கிறார்"னா இன்னும் கையெழுத்தே ஆகலை, பாதி அப்படியே மறைஞ்சுடும். "ஒப்பந்தமானார்"னா கொஞ்சம் நம்பலாம். பத்து விமர்சனம் ஒரே நிமிஷத்துல வந்தா அதுல சதி ஒண்ணும் இல்லை. இந்த நேரத்துக்கு முன்னாடி வெளியிடக் கூடாதுன்னு தயாரிப்பு தரப்பு விதிச்ச தடை அந்த நிமிஷம் முடியுது.

போலிக்கு ஒரு உதாரணம்: அமெரிக்க ஸ்டாண்ட்அப் கலைஞர் ஜார்ஜ் கார்லின் இறந்தது 2008. 2024 ஜனவரியில செயற்கை நுண்ணறிவால அவர் குரலைப் போலச் செஞ்சதுன்னு சொல்லி ஒரு மணி நேர வீடியோ வந்துது. அவர் குடும்பத் தரப்பு வழக்குப் போட்டு, ஏப்ரல்ல சமரசமாகி வீடியோவை எடுத்தாங்க. துண்டு வீடியோவா மட்டும் பார்த்தவங்க, பழைய பதிவு ஏதோ வெளியில வந்திருக்குன்னு நம்ப வாய்ப்பு இருந்துது. பேசறவர் பேர், பதிவான தேதி, அவரோட சொந்தக் கணக்கு, இந்த மூணையும் பார்த்துட்டு பகிருங்க.

கடைசிபெஞ்ச்

தலைப்புச்செய்தி சொன்னதோட ஒண்ணு சேர்க்கறேன். பேசப்போறவரோட பழைய ஸ்பெஷல் (முழு ஷோவாப் பதிவு பண்ணி வெளியிட்டது) ஒண்ணை முழுசா பார்த்துட்டுப் போங்க, தப்பில்லை. ஸ்பெஷலா வெளியான ஜோக்குகளைப் பலரும் மேடையிலிருந்து எடுத்துடுவாங்க, திரும்பக் கேட்கற வாய்ப்பு குறைவு. அவர் பேச்சோட வேகம் காதுக்குப் பழகும்.

ஆனா ரீல்ஸை வச்சு எடை போடாதீங்க. அங்க வர்ற துண்டுகள்ல பெரும்பாலும் ஆடியன்ஸ்கிட்ட பேசறதுதான் இருக்கும். எழுதின ஜோக்கை வெளியில விட்டா டூர் முழுக்க அது வீண். அன்னிக்கு முன்வரிசைக்காரர்கிட்ட பேசினது எப்படியும் திரும்ப உதவாது, அதனால அதைத் தாராளமா போடுவாங்க. அதைப் பார்த்துட்டு ஷோ முழுக்க வம்பிழுப்பார்னு நினைச்சு வர்றவங்க, அவர் 50 நிமிஷம் எழுதி வச்சதைப் பேசினதும் முகம் சுளிப்பாங்க.

மைக்டெஸ்ட்

ஸ்பெஷல் பார்க்கலாம், சரி. ஆனா அது வெட்டி ஒட்டினது. வழக்கமா ஒரே உடுப்புல ரெண்டு ஷோ பதிவு பண்ணி, ரெண்டுலயும் நல்லா விழுந்ததை மட்டும் கோப்பாங்க. 2023 மார்ச்ல அமெரிக்க ஸ்டாண்ட்அப் கலைஞர் க்ரிஸ் ராக் நெட்ஃப்ளிக்ஸ்ல நேரலையா பண்ணப்போ முடிவுப் பகுதியில ஒரு படத்தோட பேரை மாத்திச் சொல்லிட்டு, தானே திருத்தி மறுபடி சொன்னார். பிறகு தளத்துல வச்ச பதிப்புல அந்தத் தடுமாற்றத்தை எடுத்துட்டாங்க. நேர்ல அது இருக்கும். தடுமாறின பிறகு எப்படி மீட்கறார்னு பார்க்கறதுதான் என்னைக் கேட்டா லைவ்ல பாதி சுவை.

மூணாவதுமணி

எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கேள்வி பாக்கி. டிக்கெட்ல "புதிய முயற்சி, உருவாக்கத்தில்"னு போட்டிருக்கு, அப்படின்னா என்ன? எனக்கு சிரிப்பே வரலைன்னா வலுக்கட்டாயமா சிரிக்கணுமா?

மைக்டெஸ்ட்

வேண்டாம். பொய்ச் சிரிப்பு அவருக்குத் தெரிஞ்சுடும், நேரத்துக்கு முன்னாடியே வந்துடும். பேசாம கேட்டுக்கிட்டு இருந்தா போதும். கையைக் கட்டிக்கிட்டு பக்கத்து ஆள்கிட்ட கிசுகிசுக்கறதுதான் தொந்தரவு. ஒரு பகுதி உங்களுக்குப் பிடிக்கலேன்னா அடுத்தது ரெண்டு, மூணு நிமிஷத்துல வந்துடும்.

"உருவாக்கத்தில்"னா ஜோக்குகள் இன்னும் பரிசோதனையில இருக்கு. கையில தாள் வச்சிருப்பார், நடுவுல நின்னு படிப்பார், விழாததை அங்கேயே பேனாவால அடிப்பார். அதை ஏமாத்து வேலைன்னு நினைக்க வேண்டாம். எடின்பரோ ஃப்ரிஞ்ச் (ஸ்காட்லாந்துல நடக்கற கலை விழா, 1947-ல தொடங்கினது) ஆகஸ்ட்ல நடக்குது, அங்க புது ஷோ கொண்டு போறவங்க அதுக்கு முந்தின மாசங்கள்ல இப்படித்தான் ஊர் ஊரா தீட்டுவாங்க. இந்த ஷோவுல கேட்ட வரியை வெளியில எழுதவே எழுதாதீங்க, அது இன்னும் வேகாத சோறு.

ஓப்பன் மைக் (யார் வேணும்னாலும் பேர் கொடுத்து மேடை ஏறலாம்) இதுலேர்ந்து வேற. தலைக்கு 3லேர்ந்து 5 நிமிஷம், பத்துப் பதினஞ்சு பேர், பெரும்பாலும் சுமாராத்தான் இருக்கும். ரெண்டு பேர் தேறினா நல்ல ராத்திரி.

கடைசிபெஞ்ச்

நேரக் கணக்கும் சொல்லிடறேன். வழக்கமான அமைப்புல முதல்ல ஹோஸ்ட் 5லேர்ந்து 10 நிமிஷம், நடுவுல ஒருத்தர் 15லேர்ந்து 25, கடைசியா நீங்க டிக்கெட் வாங்கின ஆள் 45லேர்ந்து 60. ஹோஸ்ட் பேசறதை சாவகாசமா வந்து கேட்கலாம்னு விட்டுடாதீங்க, ஹாலைச் சூடேத்தறது அவர் வேலை. அந்தப் பத்து நிமிஷம் இல்லாம உள்ளே வந்தா, மத்தவங்க ஏற்கனவே சிரிச்சுப் பழகியிருப்பாங்க, நீங்க மட்டும் ஜில்லுன்னு உட்கார்ந்திருப்பீங்க.

ஹாலோட பின்பக்கம் ஒரு சின்ன லைட் மினுக்கும், நேரம் முடியப்போகுதுன்னு பேசறவருக்கு மட்டும் காட்டறதுக்கு. பெரிய கால்பேக்கை அதுக்கப்புறம்தான் போடுவாங்க. கூட்டத்துக்கு முன்னாடி கிளம்பிடலாம்னு அப்போ எழுந்துடாதீங்க, நடைபாதையில பாதி தூரத்துல இருக்கும்போது அது விழும். மைக்கைத் திரும்ப ஸ்டாண்டுல மாட்டின பிறகு எழுந்திரிங்க.