கண்ணாடிக்குள் ஒளிந்த ஆன்டெனா: குறை வடிவமைப்பிலா, பராமரிப்பிலா?

அஸ்தம்பட்டிக்காரன்:
இரண்டு கதவுள்ள பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். வானொலிக்கான ஆன்டெனா பின்கண்ணாடிக் கோடுகளிலேயே அடங்கியிருக்கிறது. முந்தைய உரிமையாளர் அதன்மேல் கறுப்பு ஃபிலிம் ஒட்டியிருக்கிறார். புது ஸ்டீரியோ போட்ட பிறகு சேலத்துக்குள்ளேயே எஃப்.எம். இரைகிறது, ஏற்காடு ஏறினால் முற்றிலும் போய்விடுகிறது. கூரையில் துளையிட்டுக் கம்பி ஆன்டெனா பொருத்திவிடலாம் என்கிறார் கடைக்காரர். செய்யலாமா?

பழைய கம்பி:
தாராளமாகச் செய்யுங்கள். 100 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மீட்டர். அதில் கால் பங்கான 75 செ.மீ. கம்பி கூரைமேல் நிமிர்ந்து நின்றால் எல்லாத் திசையிலிருந்தும் அலையை ஏறக்குறைய சமமாக வாங்கும். கண்ணாடியில் படுத்துக் கிடக்கும் கோடுகளுக்கு அது வாய்க்காததால்தான் அலையைப் பெருக்கித் தரும் ஆம்பிளிஃபையரை முட்டுக் கொடுக்கிறார்கள். தோற்றத்துக்காகக் காதை விற்ற வடிவமைப்பு என்பேன்.

கன்னங்குறிச்சி எலக்ட்ரீசியன்:
ஐயா, இதைப் புதுமோகம் என்று ஒதுக்கிவிட முடியாது. 1953-இல் வந்த முதல் கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரிலேயே டிக்கி மூடியின் ஃபைபர் கிளாஸுக்குள் கம்பி வலையைப் புதைத்து ஆன்டெனாவாக்கினார்கள். ஃபைபர் கிளாஸ் ரேடியோ அலையைத் தடுக்காது. மின்சாரம் கடத்தும் கார்பன் ஃபைபர் தடுக்கும். காரின் உடல் எதனால் ஆனது என்று பார்த்துத்தான் ஆன்டெனாவுக்கு இடம் ஒதுக்குகிறார்கள்.

அஸ்தம்பட்டி நண்பரே, ஸ்டீரியோ மாறிய பிறகுதான் கோளாறு என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கண்ணாடியின் ஓரத்தில் பேனலுக்குள் இருக்கும் சிறிய ஆம்பிளிஃபையருக்கு 12 வோல்ட் போக வேண்டும். சில கார்களில் அது ஆன்டெனா கேபிள் வழியாகவே போகிறது, சிலவற்றில் தனி ஒயரில் போகிறது. புது ஸ்டீரியோவின் பின்னால் அதற்கென்றே பெரும்பாலும் ஒரு நீல ஒயர் இருக்கும். அதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருந்தால் ஆம்பிளிஃபையர் உறங்கும், நல்ல ஆன்டெனாவும் செத்ததுபோல் தெரியும். டிரில்லை எடுப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

பழைய கம்பி:
நான் சொல்வதும் அதுதானே! ஆம்பிளிஃபையர், ஒயர், ஃபிலிம் என்று இத்தனை கண்ணிகளில் ஒன்று அறுந்தாலும் வானொலி ஊமையாகிறது. கம்பி வளைந்தால் திருகிக் கழற்றி வேறொன்று மாட்டலாம். மலைப்பாதையில் அலை அறுவதற்கும் நீல ஒயர்தான் காரணமா?

நாகலூர் தோட்டம்:
என் ஜீப்பில் நீளமான கம்பிதான் இருக்கிறது. இருந்தும் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பலவற்றில் அது இரையத்தான் செய்கிறது. நிலையத்துக்கும் நமக்கும் நடுவே மலை நின்றால் எந்த ஆன்டெனாவும் தப்பாது.

கன்னங்குறிச்சி எலக்ட்ரீசியன்:
சரியாகச் சொன்னீர்கள். ஃபிலிம் விஷயத்தில் மட்டும் பழைய கம்பி ஐயாவோடு உடன்படுகிறேன். 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு ஃபிலிமைத் தடை செய்தது ஒருபுறமிருக்க, உலோகப் பூச்சுள்ள ஃபிலிம் என்றால் அதுவே அலையை மறைக்கும். ஆனால் அவசரப்பட்டு உரித்தால் வெள்ளிக் கோடுகளும் பசையோடு பெயர்ந்து வரும். நீராவியில் பசையை இளக்கி, கோடுகள் ஓடும் திசையிலேயே மெல்ல இழுக்க வேண்டும். பிளேடு கூடவே கூடாது. நம்மூர்ச் சுரங்கங்களின் மேக்னசைட் தூசி படிந்தால் ஈரமான மென்துணியால், அதுவும் கோட்டின் போக்கிலேயே துடையுங்கள்.

அதிகாலை ஏற்காட்டில் பின்கண்ணாடி பனித்திருக்கும்போது கோடுகளைச் சூடாக்கிப் பனியைப் போக்கும் டிஃபாகரைப் போட்டுப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் தெளிந்து ஒரு பட்டை மட்டும் வெளுத்தே நின்றால் அங்கே கோடு அறுந்திருக்கிறது. இருபுறமும் டேப் ஒட்டி, மின்கடத்தும் வெள்ளிப் பெயின்டை அந்த இடைவெளியில் பூசி உலரவிட்டால் போதும்.

பழைய கம்பி:
நீல ஒயரை முதலில் பார்க்கட்டும், மறுக்கவில்லை. கண்ணாடியே உடைந்தால் செலவு யார் தலையில் விழும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கன்னங்குறிச்சி எலக்ட்ரீசியன்:
உரிமையாளர் தலையில்தான், ஐயா. காப்பீடு இருந்தால் சுமை குறையும். ஒரே மாடலுக்கு ஆன்டெனா உள்ள கண்ணாடியும் இல்லாத கண்ணாடியும் வருவதுண்டு. இரண்டும் கண்ணாடிச் சட்டத்தில் கச்சிதமாகப் பொருந்தும் என்பதால், பில் போடுவதற்கு முன் ஆன்டெனா இணைப்பு முனை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்து வாங்க வேண்டும்.