புதுப்பிப்பு: தங்கை மகனுக்கு அடுத்த சிகிச்சை

கொழிஞ்சாம்பாறையில் இருக்கும் தங்கை மகனுக்கு, அவன் அக்காவின் ஸ்டெம் செல்லை (ரத்த அணுக்களை உருவாக்கும் மூல செல்) ஏற்றிய பிறகும் லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய் திரும்பிவிட்டது, இனி வழி உண்டா என்று கேட்டிருந்தேன். உண்டு என்கிறார்கள் டாக்டர்கள்.

பி செல் என்ற வெள்ளணுவில் வந்த வகை என்பதால் முதலில் பிளினாட்டுமோமாப் என்ற மருந்து. ஒரு சுற்றுக்கு 28 நாள், பம்ப் வழியாக இரவு பகலாக இறங்கும். நோய்ச் செல்லின் சிடி19 புரதத்தையும் உடம்பின் நோய் எதிர்ப்பு அணுவான டி செல்லையும் இது சேர்த்துப் பிடித்துவிடும். மீதியை டி செல் பார்த்துக்கொள்ளும்.

கார்-டி (நோயாளியின் டி செல்லையே எடுத்து, மாற்றியமைத்துத் திரும்ப ஏற்றும் சிகிச்சை) பற்றிப் பலர் எழுதியிருந்தீர்கள். அந்த வகையில் 2023இல் இந்தியாவில் அனுமதி பெற்ற நெக்ஸ்கார்19 மருந்துக்கு 15 வயதாவது ஆகியிருக்க வேண்டும். இவனுக்கு ஏழு. எரிச்சலாகத்தான் இருக்கிறது.

பிளினாட்டுமோமாபுக்குப் பிறகு எலும்பு மஜ்ஜையில் மிச்ச நோய் இல்லையென்றால் இரண்டாவது ஸ்டெம் செல் மாற்று, இந்த முறை அப்பாவின் செல், பாதிப் பொருத்தம்தான். அடுத்த மஜ்ஜைப் பரிசோதனை ஓணம் கழிந்து.