பாலாறு அணைக்கட்டுக் கால்வாய்: பழைய ஏரிப் பதிவேடு எங்கே கிடைக்கும்?

எல்லாருக்கும் வணக்கம். பொதுப்பணித்துறை, நீர்வளத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாக்கள் யாராவது குழுவில் இருந்தால் தயவுசெய்து உதவுங்க.

எங்க ஊர் வாலாஜா பக்கம். பாலாறு அணைக்கட்டிலிருந்து மகேந்திரவாடி, காவேரிப்பாக்கம், சக்கரமல்லூர், தூசி என்று கால்வாய்கள் பிரியுது இல்லையா, அதில் ஒன்றின் கிளையில்தான் எங்க ஏரி. ஆற்றில் வெள்ளம் ஓடின வருஷம்கூட எங்க ஏரி நிரம்பிக் கோடி போகலை. மேல் ஏரியில் கலங்கலை, அதாவது உபரித் தண்ணீர் வழிந்து போகும் சுவரை, உயர்த்தி கான்கிரீட் போட்டுட்டாங்க. அது நிரம்பி வழிந்தால்தான் எங்களுக்குத் தண்ணீர். கேட்டால், "உங்களுக்குப் பாத்தியதை இருக்குன்னு காகிதம் காட்டுங்க" என்கிறாங்க. கடைமடைக்காரன் காகிதத்துக்கு எங்கே போவான்?

ஆந்திராவில் தடுப்பணை என்றால் சென்னை மாகாணமும் மைசூரும் போட்ட 1892 ஆற்றுநீர் ஒப்பந்தத்தைக் காட்டி நியாயம் கேட்கிறோம். அதே மாதிரி ஊருக்கும் ஊருக்கும் நடுவிலும் எழுதி வெச்ச கணக்கு இருக்கணும்.

எனக்கு வேண்டியது, இரண்டு ஏரிக்கும் உண்டான டேங்க் மெமாயர், அதாவது அந்தந்த ஏரியின் அளவுகளை எழுதி வெச்ச பழைய அரசுப் பதிவேடு. பழைய கலங்கல் மட்டம், அதன் நீளம், ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலப்பரப்பு) எல்லாம் அதில்தான் இருக்கும். வட ஆற்காடு 1989-இல் பிரிந்தது, 2019-இல் வேலூரும் மூன்றாகிடுச்சு. இப்போ அந்தக் கோப்பு வேலூரிலா, ராணிப்பேட்டையிலா, எழும்பூர் ஆவணக் காப்பகத்திலா? தகவல் உரிமை மனுவை எந்த அலுவலருக்கு எழுதணும்? மனுவில் மெமாயர் என்று மட்டும் போட்டால் போதுமா, கால்வாய் எண்ணும் வேணுமா?

இதே கால்வாயில் வேறு ஊர்க்காரங்க யாராவது நகல் வாங்கியிருந்தால், முதல் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்க. மழைக்காலத்துக்கு முன்னாடி மனு போயாகணும்.