வெர்டியின் ‘லா ட்ராவியாட்டா’ ஓபராவைப் பார்த்துவிட்டு, அதன் மூல நாவலைப் படித்தவர்கள் இருக்கிறீர்களா?

கருவிளை:
கதை தெரியாதவர்களுக்கு ஒரு வரி: பணக்காரர்களின் ஆசைநாயகியாகப் பாரிஸில் வாழும் வியோலெட்டா ஆல்ஃபிரெடோவைக் காதலிக்கிறாள்; அவன் அப்பா குடும்ப மானத்துக்காகக் கேட்டுக்கொள்ள, காரணம் சொல்லாமல் அவனை விட்டு விலகுகிறாள்; காசநோயில் சாகிறாள். நேராக விஷயத்துக்கு வருகிறேன். கடைசி அங்கத்தில் வியோலெட்டா ஆல்ஃபிரெடோவின் அப்பா எழுதிய கடிதத்தைப் பாடாமல் வெறும் குரலில் வாசிப்பாள். பின்னால் வயலினில் முதல் அங்கத்துக் காதல் மெட்டு. அப்புறம் ஆல்ஃபிரெடோ ஓடி வருவான். அவன் அப்பாவும் வந்து அவளை மகளாக அணைத்துக்கொள்வார். தேம்பி அழுதேன். அந்த ஈரம் காயாமல் மூல நாவலை எடுத்தேன், இளைய டூமாவின் ‘லா டாம் ஓ கமேலியா’. அங்கே யாருமே வரவில்லை. நாவலில் வியோலெட்டாவின் பெயர் மார்கரீத், ஆல்ஃபிரெடோவின் பெயர் ஆர்மான். மார்கரீத் ஆர்மானுக்காக நாட்குறிப்பு எழுதிக்கொண்டே இருக்கிறாள்; கையில் தெம்பு போனதும் மிச்சத்தைத் தோழி ஜூலி எழுதுகிறாள். எழுதுகிற கை மாறும் அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். என் அம்மா இறந்த ராத்திரி நான் ரயிலில் இருந்தேன்.

தெற்குத்தெரு:
எனக்குச் சாவு இல்லை, பணம்தான் உறுத்துகிறது. ஓபராவில் தோழி ஃப்ளோராவின் விருந்தில் அத்தனை பேர் முன்னால் ஆல்ஃபிரெடோ சூதில் ஜெயித்த பணத்தை வியோலெட்டாமேல் எறிகிறான். கூட்டமே அவனைக் காறித் துப்பாத குறை. நாவலில்? பிரிந்த பிறகு மார்கரீத் ஆர்மானைத் தேடி வந்து ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போகிறாள். மறுநாள் 500 ஃபிராங்க் நோட்டு ஒன்றை அனுப்பி வைக்கிறான், அந்த ராத்திரிக்கு விலையாக. அவளுக்காகப் பேச அங்கே ஒரு ஆள் கிடையாது. வெர்டி அவளுக்குச் சாட்சிகளையாவது கொடுத்தார்.

மழைநாள்:
பாரிஸில் மோன்மார்த்ர் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். கல்லில் மார்கரீத்தும் இல்லை, வியோலெட்டாவும் இல்லை, அல்ஃபோன்சீன் பிளெசி; டூமா காதலித்த, இந்தக் கதைக்கு மூலமான நிஜப் பெண். 1847இல் இறந்தபோது வயது 23. அந்தப் பெயரைச் சத்தமாக ஒரு தடவை படித்தேன். அவ்வளவுதான்.

பழைய வாசகர்:
கருவிளை, நாவலைக் குறை சொல்லாதீர்கள். அல்ஃபோன்சீன் இறந்தபோது டூமாவே ஊரில் இல்லை. போக முடியாதவன் 1848இல் எழுதிய நாவல் அது. 1852இல் மேடை நாடகமாக்கியபோது ஆர்மானை நேரத்துக்கு வரவைத்தார். அடுத்த வருஷம் வெனிஸில் வெர்டியின் ஓபரா வந்தது. அதில் அப்பாவும் வந்துவிட்டார். நாவலில் அவளுக்குக் கோபம் வரும், பொய் சொல்வாள், கடன் இருக்கும். மாதத்தில் 25 நாள் வெள்ளைக் கமேலியாப் பூ வைத்திருப்பாள், 5 நாள் சிவப்பு. மேடை ஏற ஏற அவள் தியாகத் திருவுருவமாகிவிடுகிறாள். எனக்கு அதில் வருத்தம்தான். ஒன்று செய்யுங்கள்: முதலில் நாவல். அவள் சவப்பெட்டியைத் திறக்கும் அத்தியாயத்தைத் தாண்டிவிடாதீர்கள், அந்த முகத்தைப் பார்த்தால்தான் ஆர்மானின் நடுக்கம் புரியும். பிறகு நாடகம். கடைசியாக ஓபரா, அதுவும் பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு. இரண்டாம் அங்கத்தில் அப்பாவும் அவளும் பேசும் கட்டத்தை மட்டும் தனியாக இரண்டு முறை கேளுங்கள்.

மழைநாள்:
யாருமே வரவில்லை என்கிறீர்கள். ஜூலி இருந்தாளே?

கருவிளை:
ஆமாம். நேற்றிலிருந்து அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் எதிர்வீட்டு அக்கா இருந்தார். அம்மாவின் கை அவர் கையில்தான் இருந்ததாம். அம்மா கடைசியாக என்ன சொன்னாள் என்று நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை.