மறு: ‘ஆபத்து மண்டலம்’ என்பதற்கு வேறு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

கேள்வியைக் கிளப்பிவிட்டு ஒரு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். இழையில் வந்த மடல்களை எல்லாம் இன்றுதான் ஒருசேரப் படித்தேன். புதிதாக வந்தவர்களுக்காகச் சிக்கலை இன்னொரு முறை சொல்லிவிடுகிறேன்.

வணிகச் சமையற்கூடப் பணியாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். குளிர்சேமிப்பு பற்றிய இயலில் பக்கத்துக்கு நாலு இடத்தில் ‘டேஞ்சர் ஜோன்’ வருகிறது. முதல் வரைவில் எல்லோரும் போடுகிற ‘ஆபத்து மண்டலம்’ என்பதையே நானும் போட்டேன். சரி பார்ப்போம் என்று, ‘ஆபத்து மண்டலம்: 5 – 60 டிகிரி’ என அச்சடித்து ஒரு சமையற்கூடத்தில் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினோம். மறுநாள் போனால், வெட்டிய இறைச்சித் தட்டு மேசைமேலேயே இருக்கிறது. “உள்ளே வைக்கலையா தம்பி?” என்றேன். “அதுலதான் ஆபத்துன்னு ஒட்டியிருக்கே சார், ரிப்பேர்னு நெனச்சேன்” என்றார்.

தவறு அவருடையதல்ல. மண்டலம் என்றால் இடம். கதவில் ஒட்டினால் கதவுக்குப் பின்னால் இருக்கிற இடம். நாம் சொல்ல வந்ததோ ஒரு வெப்பநிலை அளவு. அந்த அளவுக்குள் உணவு எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு கிருமி பெருகும். எண்களும் எல்லா நாட்டிலும் ஒன்றல்ல. ஆஸ்திரேலியாவில் 5 முதல் 60 டிகிரி, அமெரிக்க உணவு விதித்தொகுப்பில் 5 முதல் 57, இங்கிலாந்தில் 8 முதல் 63. ஆகவே எண்ணைச் சொல்லுக்குள் நுழைக்கும் யோசனையை (‘ஐந்தறுபது’ என்று ஒருவர் எழுதியிருந்தார், ரசித்தேன்) விட்டுவிடலாம். டிகிரியா பாகையா என்ற சண்டையும் இங்கே வேண்டாம், அதற்குத் தனி இழையே ஓடிக்கொண்டிருக்கிறது.

> ‘கெடுநிலை’ என்று வைத்தால் என்ன? கொதிநிலை, உறைநிலை, உருகுநிலை வரிசையில் அழகாக உட்காரும்.

காதுக்கு இதுதான் முதலில் பிடித்தது. இரண்டு நாள் வரைவில்கூட வைத்திருந்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ‘கெட்டுப்போச்சு’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? நாற்றம், புளிப்பு, பிசுபிசுப்பு. அவற்றை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் வேறு, ஆளைப் படுக்கவைக்கிறவை பெரும்பாலும் வேறு. பின்னவை பெருகியிருந்தாலும் உணவு மணமாகவே இருக்கலாம். சோற்றில் வரும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. வடித்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகும். வாந்தியை உண்டாக்கும் நஞ்சையும் சோற்றில் விடும். அந்த நஞ்சு கொதிக்கவைத்தாலும் அழியாது. மறுபடி சூடாக்கிவிட்டோமே என்ற தெம்பில் பரிமாறுகிறவர் மாட்டிக்கொள்வார். ‘கெடுநிலை’ என்று சொல்லிக்கொடுத்தால் பணியாளர் தட்டை மூக்கருகே கொண்டுபோய்த்தான் முடிவு செய்வார். அந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தானே இந்தக் கையேடு.

> அப்படியானால் ‘பெருகுநிலை’?

>> வினைத்தொகையாகப் பிரித்தால் ‘பெருகுகின்ற நிலை’ ஆகிவிடும். நிலையா பெருகுகிறது?

கொதிநிலையில் மட்டும் நிலையா கொதிக்கிறது, ஐயா? எந்த நிலையில் நீர் கொதிக்குமோ அது கொதிநிலை. எதில் நுண்ணுயிர் பெருகுமோ அது பெருகுநிலை. எச்சம் கொள்ளும் பெயர் வினைமுதலாகத்தான் இருக்க வேண்டும் என்று இலக்கணம் எங்கும் சொல்லவில்லை. இடமும் காலமும் கருவியும் வரலாம்.

கொதிநிலை ஒரு புள்ளி, இதுவோ ஒரு நெடுக்கம் என்ற மறுப்புக்கு வலு உண்டு. ‘பெருகு நெடுக்கம்’ என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. தவிர, அந்த நெடுக்கம் முழுவதும் ஒரே வேகமும் இல்லை. கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமி 43 முதல் 47 டிகிரிக்குள் இருந்தால் சுமார் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். ஒரே ஒரு கிருமி, இரண்டு மணி நேரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் ஆகிவிடும். அமெரிக்க விதி, சமைத்ததை ஆறவைப்பதை இரண்டு கட்டமாகப் பிரிப்பது இதற்காகத்தான். 57இலிருந்து 21க்கு இரண்டு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், அங்கிருந்து 5க்குப் போக மேலும் நாலு மணி நேரம் தருகிறார்கள். மேல்பாதியில்தான் அவசரம்.

இதை ஒருநாள் கண்ணால் பார்த்தேன். முந்தின இரவு ஒரு பெரிய பானைக் கெட்டி சூப்பை, இறக்கிய சூட்டோடு மூடி, குளிர் அறைக்குள் தள்ளியிருந்தார்கள். காலையில் பானையின் பக்கம் தொட்டால் சில்லென்று இருந்தது, மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நீர். எல்லோருக்கும் திருப்தி. வெப்பமானியின் ஊசியை நடுவில் இறக்கியதும் எண் ஏற ஆரம்பித்தது, 12, 19, 26... 31இல் நின்றது. இரவெல்லாம் குளிர் அறைக்குள் இருந்தும் அந்த சூப்பின் நடுவயிறு ‘ஆபத்து மண்டலத்தை’ விட்டு வெளியே வரவே இல்லை. அகலத் தட்டுகளில் இரண்டு அங்குல ஆழத்துக்கு மேல் போகாமல் ஊற்றி, பானை என்றால் பனிக்கட்டி நீரில் உட்காரவைத்துக் கிளறி, ஆறிய பிறகு உள்ளே வைத்திருக்க வேண்டும். சூடான பானை தான் ஆறாததோடு பக்கத்துத் தட்டில் இருக்கும் பாலையும் சூடாக்கிவிடும். ‘மண்டலம்’ என்ற சொல் எவ்வளவு தப்பான படம் காட்டுகிறது என்பது எனக்கு உறைத்தது அன்றுதான்.

> 5 டிகிரிக்குக் கீழேயும் லிஸ்டீரியா கிருமி வளருமே. ‘பெருகுநிலை’ என்றால் அதற்குக் கீழே பெருகாது என்று ஆகிவிடாதா?

நியாயமான கேள்வி. லிஸ்டீரியா உறைநிலையை ஒட்டியும் மெல்ல வளரும். அதனால்தான் ஃபிரிட்ஜில் வைத்த ஆயத்த உணவுக்கும் நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அமெரிக்க விதியில், செய்த நாளையும் சேர்த்து ஏழு நாள். ஆனால் இத்தனையையும் ஒரு சொல்லின் தலையில் ஏற்ற முடியாது. உணவுப் பாத்திரத்தில் தேதி எழுதி ஒட்டும் நாள்சீட்டு பற்றிய பக்கத்தில் சொல்லிக்கொள்கிறேன்.

இனி, பலரும் கண்டும் காணாமல் தாண்டிப்போன மடலுக்கு வருகிறேன். சமையல் தொழிலில் இருக்கும் அம்மா ஒருவர் எழுதியது:

> எங்க கிச்சன்ல நாங்க இதை ரெண்டுங்கெட்டான் சூடுன்னு சொல்லுவோம். சூடுன்னா சூடா இருக்கணும், ஜில்லுனா ஜில்லுனு இருக்கணும். நடுவுல இருந்தா எறக்கு, இல்ல ஏத்து.

உடனே வந்த பதில்கள் ‘கலைச்சொல்லுக்குரிய செறிவு இல்லை’, ‘கொச்சை’ என்று போயின. ஒளிப்பானேன், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் பயிற்சி வகுப்பில் வாய்தவறி ஒருமுறை சொல்லிவிட்டேன். பின்வரிசையில் தலையாட்டல் தெரிந்தது. ‘பெருகுநிலை’க்கு எனக்கு ஐந்து நிமிட விளக்கம் தேவைப்பட்டது, இதற்கு ஒன்றும் தேவைப்படவில்லை. அந்த அம்மாவின் மூன்று வரிக்குள் விதி மொத்தமும் இருக்கிறது: சூடாகப் பரிமாறுவதை மேல் எல்லைக்கு மேலே வை, குளிரில் வைப்பதைக் கீழ் எல்லைக்குக் கீழே வை. ‘கெட்டான்’ என்பதும் உள்ளே தானாக வந்து உட்கார்ந்திருக்கிறது, ஆனால் மூக்குச் சோதனைக்கு அழைக்காமல்.

பத்து டிகிரியைச் ‘சூடு’ என்பதா என்று ஒருவர் கேட்டிருந்தார். கதவின் ரப்பர் தளர்ந்து ஃபிரிட்ஜ் பத்து டிகிரிக்கு ஏறினால், அங்கே வேலை செய்கிறவர்கள் ‘ஃபிரிட்ஜ் சூடாயிருச்சு’ என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் கணக்கில் அது சூடுதான்.

ஆக, கையேட்டின் உள்ளே, நுண்ணுயிரியல் பேசும் பக்கங்களில் ‘பெருகுநிலை’ என்றும், சுவரில் ஒட்டும் தாளில் ‘இரண்டுங்கெட்டான் சூடு’ என்றும் போடப்போகிறேன். ஒரு பொருளுக்கு இரண்டு சொல்லா என்று கோபிக்கிறவர்கள் கோபிக்கலாம். ஆவணத்தில் எழுதுவது ஒன்று, அடுப்படியில் கூப்பிடுவது ஒன்று என்பது நமக்குப் புதிதா என்ன.

சுவர்த்தாளின் வாசகம் இப்போதைக்கு இப்படி:

இரண்டுங்கெட்டான் சூட்டில் எதையும் வைக்காதே. 60க்கு மேல், அல்லது 5க்குக் கீழ். நடுவில் ஊசி போட்டுப் பார்.

‘வைக்காதே’யா, ‘வைக்காதீர்கள்’ளா என்பதில் எனக்குக் குழப்பமில்லை; மரியாதையாகவே போட்டுவிடலாம். ஆனால் ‘இரண்டுங்கெட்டான்’ என்று அச்சடிப்பதா, அந்த அம்மா எழுதியபடி ‘ரெண்டுங்கெட்டான்’ என்றே விட்டுவிடுவதா? என் கை இரண்டாவதன் பக்கம் போகிறது. வெள்ளிக்கிழமை தாள் அச்சுக்குப் போகிறது, அதற்குள் சொல்லுங்கள்.