1917 பவுன் காசு, ஊர் எழுத்து இல்லை. அபூர்வமா?

பொன்னிக்கரை:
பாட்டியின் காசுமாலையிலிருந்து ஒரு காசு மட்டும் கழன்று வந்துவிட்டது. ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை, மறுபக்கம் குதிரைமேல் புனித ஜார்ஜ் டிராகனைக் கொல்லும் படம், கீழே 1917. லண்டனில் அடித்த 1917 சவரன் ரொம்ப அரிது, அதில் ஊர் எழுத்து (எந்த ஊரில் அடித்தது என்று காட்டும் எழுத்து) இருக்காது என்று நெட்டில் போட்டிருக்கிறது. என் காசிலும் எழுத்து எதுவும் தெரியவில்லை. ஆனால் அந்த வருஷம் லண்டனில் 10 லட்சத்துக்கு மேல் அடித்தார்கள் என்றும் அதே இடத்தில் இருக்கிறது, அத்தனை அடித்தது எப்படி அரிதாகும்? நகைக்கடையில் எடை போட்டுப் பழைய தங்க விலை தருகிறோம் என்றார்கள். கொடுத்துவிடலாமா?

காசுக்கிறுக்கன்:
கொடுக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. எத்தனை அடித்தார்கள் என்பது ஒரு கணக்கு, எத்தனை உருக்காமல் தப்பின என்பது வேறு கணக்கு. முதல் உலகப்போர் நடந்த சமயம் அது. பிரிட்டனில் பொதுமக்கள் கையில் பவுன் காசு போய் நோட்டு வந்துவிட்டது, புதிதாக அடித்த தங்கம் போர்ச் செலவுக்காக அமெரிக்காவுக்குப் போய் அங்கே பெரும்பாலும் உருக்கப்பட்டது என்பார்கள். அதனால்தான் 1917 லண்டன் காசு கைக்குச் சிக்குவதில்லை. அதே 1917-இல் கனடாவின் ஒட்டாவாவில் அடித்தது வெறும் 58,845. ஆனால் அது இன்றைக்கும் பெரிய விலை இல்லாமல் கிடைக்கிறது! அதற்கு முந்தின வருஷத்து ஒட்டாவா காசு 6,111 அடித்து ரொம்பக் கொஞ்சம்தான் மிஞ்சியது, அதன் விலையைக் கேட்டால் தலை சுற்றும். 1920 சிட்னி சவரனும் அப்படித்தான், 3,60,000 அடித்ததாகக் கணக்கு, கையில் இருப்பதோ விரல்விட்டு எண்ணும் அளவு. பட்டியலில் மிண்டேஜ் எண்ணை, அதாவது எத்தனை அடித்தார்கள் என்பதை மட்டும் பார்த்து வாங்குகிறவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

கோட்டைமேடு_சாமி:
தம்பி, முதலில் அந்த எழுத்தை ஒழுங்காகத் தேடுங்கள். இந்தக் காசில் அது குதிரைக்குக் கீழே தரை மாதிரி ஒரு பட்டை இருக்கிறதே, அதன் நடுவில், வருஷத்துக்கு நேர் மேலே, கடுகளவு இருக்கும். எஸ் என்றால் சிட்னி, எம் மெல்பர்ன், பி பெர்த், சி ஒட்டாவா. கழுத்தில் கிடந்து கிடந்து தேய்ந்த காசில், அழுக்கும் அடைத்திருந்தால், வெறும் கண்ணுக்குப் பிடிபடாது. பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் வேண்டும், செல்போன் கேமராவை நம்பாதீர்கள். வலது ஓரத்தில் இருக்கும் பி.பி. என்பதை ஊர் எழுத்து என்று நினைத்துக்கொள்ள வேண்டாம், அது படத்தைச் செதுக்கிய பிஸ்ட்ரூச்சியின் முதலெழுத்துகள்.

அப்புறம் காசுமாலைக் காசு என்கிறீர்கள். ராஜா தலைக்கு மேலே விளிம்பில் வளையம் பற்றவைத்த தடம் இருக்கும், ராவி மழுப்பியிருந்தாலும் வரி வரியான விளிம்பு அந்த இடத்தில் மட்டும் மொழுக்கென்று தெரியும். சேகரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். அந்தத் தடம் இருந்தால் சாதாரண வருஷத்துக் காசுக்குத் தங்க விலைக்கு மேல் ஒன்றும் தேறாது. பளபளக்கட்டும் என்று பூந்திக்கொட்டைத் தண்ணீரில் போட்டு பிரஷ்ஷால் தேய்த்துவிடாதீர்கள், அதுவும் ஒரு சேதம்தான்.

தராசுத்தட்டு:
நான் இவர்கள் அளவுக்கு ஆசை காட்ட மாட்டேன். எழுத்தில்லாத 1917 என்றாலே முதலில் போலி என்றுதான் சந்தேகப்பட வேண்டும். போலி என்றால் பித்தளை என்று நினைக்காதீங்க. சரியான தங்கத்திலேயே, சரியான எடையிலேயே அடித்த போலிச் சவரன்கள் ஏராளம், கடையில் உரைத்துப் பார்த்தாலும் தப்பித்துவிடும். நல்ல சவரன் 7.988 கிராம், 22.05 மில்லிமீட்டர், 22 காரட். செம்பு கலந்திருப்பதால் லேசாகச் சிவப்படிக்கும். நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டால் எடை சுமார் 0.45 கிராம் குறையணும். இதெல்லாம் தேறினாலும் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கிறதா, படமோ எழுத்தோ இல்லாத வெற்றிடத்தில் சின்னச் சின்னப் பருக்கள் இருக்கிறதா, எழுத்து இருந்த இடத்தைச் சுரண்டியிருக்கிறார்களா என்று பழகின கண் ஒன்று பார்த்தால்தான் சரி. இன்னொன்று, நூறு வருஷம் தாண்டிய காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் வந்துவிடும், சோதிக்கிறேன் என்று வெளிநாட்டுக்கு அனுப்பிவிடாதீங்க. இங்கேயே நாணயக் கண்காட்சிக்கு வரும் வியாபாரிகள் ரெண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள்.

பொன்னிக்கரை:
எல்லாருக்கும் நன்றி. பக்கத்துத் தெரு வாட்ச் ரிப்பேர் கடையில் லென்ஸ் வாங்கிப் பார்த்தேன். பட்டையின் நடுவில் பி மாதிரி ஒன்று அரைகுறையாகத் தெரிகிறது, தலைக்கு மேலே பற்றவைத்த தடமும் இருக்கிறது. கடையில் போட்ட எடை 7.95. பெர்த் என்றால் அபூர்வம் இல்லைதானே? மாலையில் 1918, ஐ எழுத்து போட்ட ஒன்றும் இருக்கிறது, அது என்ன ஊர்?

கோட்டைமேடு_சாமி:
1917 பெர்த் நிறையக் கிடைக்கும், அதைத் திரும்ப மாலையிலேயே கோர்த்துவிடுங்கள். ஐ என்றால் நம்ம பம்பாய். அங்கே சவரன் அடித்தது 1918 ஒரே வருஷம்தான், அதுவும் 12 லட்சத்துக்கு மேல், அதனால் விலை லட்சக்கணக்கில் வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் பம்பாய்க் காசு என்றால் நம்மூர் ஆட்களுக்கு ஒரு தனி ஆசை உண்டு. வளையத் தடம் இல்லாமல் இருந்தால் படம் போடுங்கள், பார்க்கலாம்.