கார்ன் பாம்புக்கு முட்டை அடைப்பு: பார்க்கத் தெரிந்த மருத்துவர் வேண்டும்

இடம் ராமேஸ்வரம் அருகே மண்டபம். நான் வளர்க்கும் பெண் கார்ன் பாம்பு (நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு), 4 வயது, 410 கிராம். சட்டை உரித்த 11ஆம் நாள் 13 முட்டை இட்டது. இரண்டு உள்ளேயே நின்றுவிட்டன, கழிவாய்க்கு நாலு விரல் மேலே. இன்று மூன்றாம் நாள். முக்குவது நின்றுவிட்டது. தண்ணீர் குடிக்கிறது, வாயைத் திறந்து மூச்சு வாங்கவில்லை.

செய்தவை: முட்டைப் பெட்டியில் ஈரத் தேங்காய் நார்த்தூள், நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழிந்தது (நம் கரையோரத் தூளில் உப்பு நிற்கும், அலசாமல் போடவே கூடாது). பெட்டிக்குள் 27 டிகிரி, கூண்டின் சூடான பக்கம் 29. வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம், இரண்டு தடவை. முட்டை அசையவில்லை.

பிதுக்கப் போவதில்லை, கருக்குழாய் கிழிந்துவிடும். முட்டையை வெளியே தள்ள வைக்கும் ஆக்சிடோசின் ஊசி பாம்புகளுக்குப் பல நேரம் பலிப்பதில்லை. நாளாக ஆக முட்டை இறுகிக் குழாயோடு ஒட்டிக்கொள்ளும், அதனால் காத்திருக்கவும் பயமாக இருக்கிறது. இட்ட முட்டைகள் வெர்மிகுலைட்டில் (ஈரம் பிடிக்கும் கனிமத் துகள்) 28 டிகிரியில் நன்றாக உள்ளன, தாயைத்தான் காப்பாற்ற வேண்டும்.

ராமநாதபுரம், மதுரை, திருநெல்வேலி வட்டாரத்தில் ஸ்கேன் பார்த்து, ஊசியால் முட்டைக்கருவை உறிஞ்சி எடுத்துப் பழக்கமுள்ள கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார்?